குறைந்த செலவில் சீட்டுக்கட்டு அமைத்தல் (மேஜிக்: த கேதரிங்)

குறைந்த செலவில் சீட்டுக்கட்டு அமைத்தல் என்பது, மேஜிக்: த கேதரிங் போன்ற சேகரிப்புச் சீட்டு விளையாட்டுகளில், விலை உயர்ந்த அரிய சீட்டுகளைத் தவிர்த்து, எளிதில் கிடைக்கும் மலிவான சீட்டுகளைக் கொண்டே போட்டியிடத்தக்க ஒரு கட்டினை உருவாக்கும் முறையைக் குறிக்கும். வழமையான சீட்டாட்டத்தில் எல்லோரும் ஒரே 52 சீட்டுகளைக் கொண்டு ஆடுவர். சேகரிப்புச் சீட்டு விளையாட்டில் ஒவ்வொருவரும் தாம் வாங்கிய சீட்டுகளிலிருந்து தமக்கான கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வருவர். ஆகவே, இவ்விளையாட்டில் திறமையுடன் பணமும் ஓர் அளவுக்குச் செல்வாக்குச் செலுத்துகின்றது. அச்செல்வாக்கை எந்த அளவுக்குக் குறைக்க முடியும் என்பதே இம்முறையின் மையக் கேள்வி ஆகும்.

இக்கட்டுரை மேஜிக் விளையாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகின்றது. பொதுவகைச் சீட்டுகளை மட்டுமே அனுமதிக்கும் பாப்பர் என்னும் ஆட்டவகையும் இங்கு விளக்கப்படுகின்றது.

விளையாட்டின் அடிப்படைகள்

மேஜிக்: த கேதரிங் 1993 ஆகஸ்ட் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் விசர்ட்சு ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இதனை வடிவமைத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் கணிதவியலாளர் ஆவார். இவர் சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இன்றைய சேகரிப்புச் சீட்டு விளையாட்டுகளுக்கெல்லாம் மேஜிக்கே முன்னோடியாகக் கருதப்படுகின்றது.

வழமையான ஆட்டம் இருவருக்கு இடையே நடைபெறும். கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருக்கவேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகளைத் தவிர, ஒரே பெயருடைய சீட்டு 4 படிகளுக்கு மேல் இருத்தல் ஆகாது. ஒவ்வொரு ஆட்டக்காரரும் 20 உயிர்ப் புள்ளிகளுடனும் 7 கைச்சீட்டுகளுடனும் ஆட்டத்தைத் தொடங்குவர். தம் முறை வரும்போது கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுப்பர். கையில் இருந்தால் ஒரு நிலச் சீட்டைக் களத்தில் வைப்பர். எதிராளியின் உயிர்ப் புள்ளிகளைச் சுழியமாக்குவதே வெற்றிக்கான பொதுவான வழி.

சீட்டுகளை இரு பெரும் பிரிவுகளாக வகுக்கலாம்.

* நிலச் சீட்டுகள்: இவை மானா எனப்படும் ஆற்றலைத் தருபவை. சமவெளி, தீவு, சதுப்புநிலம், மலை, காடு என்பன ஐந்து அடிப்படை நிலங்கள். இவை முறையே வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை ஆகிய நிறங்களில் மானாவைத் தரும்.
* மந்திரச் சீட்டுகள்: மானாவைச் செலவிட்டு ஆடப்படுபவை. களத்தில் நின்று போரிடும் உயிரிகள், உடனே விளைவை ஏற்படுத்தி நீங்கும் மந்திரங்கள், கருவிகள் முதலியன இதில் அடங்கும்.

ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் அருமை நிலை உண்டு. பொதுவகை, நடுவகை, அரியவகை என மூன்று நிலைகள் தொடக்கத்தில் இருந்தன. மிக அரியவகை என்னும் நான்காம் நிலை 2008 இல் சேர்க்கப்பட்டது. 1998 இல் வெளியான எக்சோடசு தொகுதியிலிருந்து, சீட்டில் உள்ள தொகுதிச் சின்னத்தின் நிறமே அருமை நிலையைக் காட்டுகின்றது. பொதுவகைக்குக் கறுப்பும், நடுவகைக்கு வெள்ளியும், அரியவகைக்குப் பொன்னிறமும் பயன்படுகின்றன. மிக அரியவகைக்குச் செம்மஞ்சள் நிறம் வழங்கப்பட்டுள்ளது.

அருமையும் பணமும்

தொடக்ககால விதிகளில் கட்டின் குறைந்த அளவு 40 சீட்டுகளாக இருந்தது. ஒரே சீட்டை எத்தனை படிகள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் சில பொதிகளை மட்டுமே வாங்குவார். எனவே வலிமையான அரிய சீட்டுகள் ஒரு குழுவில் ஒன்றிரண்டுக்கு மேல் புழங்கமாட்டா என்று கருதப்பட்டது. அதாவது, சீட்டின் அருமையே அதன் வலிமைக்கு ஒரு கடிவாளமாக அமையும் என எதிர்பார்க்கப்பட்டது.

விளையாட்டு எதிர்பாராத அளவில் பரவியதும் இக்கடிவாளம் அறுந்தது. விரும்பிய சீட்டைப் பணம் கொடுத்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் வாங்க முடிந்தது. இதனால் 1994 இல் போட்டிகளுக்கென 60 சீட்டு, 4 படி என்னும் விதிகளும், தடை செய்யப்பட்ட சீட்டுகளின் பட்டியலும் கொண்டுவரப்பட்டன. ஆட்டத்தின் சமநிலையை அருமை நிலை காக்காது, விதிகளே காக்கவேண்டும் என்பது அப்போதே தெளிவாயிற்று. எனினும் அருமை நிலையும் அதனால் எழும் விலை வேறுபாடும் நீங்கவில்லை.

1995 இல் பழைய சீட்டுகள் பலவற்றை மறுபதிப்புச் செய்த கிரானிக்கிள்சு தொகுதி வெளியானது. தம் சேகரிப்பின் மதிப்பு குறைந்ததாகச் சேகரிப்பாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இதன் விளைவாக, 1996 இல் குறிப்பிட்ட சில பழைய சீட்டுகளை இனி ஒருபோதும் அச்சிடுவதில்லை என்னும் உறுதிமொழியுடன் ஒதுக்கப்பட்ட சீட்டுகளின் பட்டியல் ஒன்றை நிறுவனம் வெளியிட்டது. சேகரிப்பாளருக்கு அளிக்கப்பட்ட இவ்வுறுதி, புதிதாக ஆட வருவோருக்கு ஒரு தடையாக அமைந்தது. பழைய சீட்டுகளை அனுமதிக்கும் ஆட்டவகைகளில் சேர விரும்புவோர், எண்ணிக்கை இனிக் கூடவே முடியாத சீட்டுகளுக்காகப் போட்டியிடவேண்டியுள்ளது.

இப்பட்டியலில் உள்ள பிளாக் லோட்டசு என்னும் சீட்டு இதற்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இதன் முதற்பதிப்புப் படி ஒன்று 2021 இல் 5,11,100 அமெரிக்க டாலருக்கு விற்பனையானது.

விலையும் வலிமையும்

ஒரு சீட்டின் விலை அதன் வலிமையை மட்டும் காட்டுவதில்லை. அச்சீட்டு எத்தனை படிகள் சந்தையில் உள்ளன, எத்தனை பேர் அதனைத் தேடுகின்றனர் என்னும் இரண்டுமே விலையைத் தீர்மானிக்கின்றன. மலிவான கட்டு சாத்தியமாவதற்கு இவ்வேறுபாடே காரணம் ஆகும். பின்வரும் எடுத்துக்காட்டுகள் இதனைத் தெளிவாக்கும்.

* லைட்னிங் போல்ட்: ஒரு சிவப்பு மானாவுக்கு 3 சேதம் விளைவிக்கும் பொதுவகை மந்திரம். 1993 முதல் பலமுறை அச்சிடப்பட்டுள்ளது. முதற்பதிப்புப் படிக்கும் அண்மைக்காலப் படிக்கும் விலையில் பெரும் வேறுபாடு உண்டு. ஆட்டத்தில் இரண்டும் ஒரே 3 சேதத்தையே தருகின்றன.
* ரிஸ்டிக் ஸ்டடி: 2000 ஆம் ஆண்டில் புராஃபெசி தொகுதியில் பொதுவகைச் சீட்டாக வெளியானது. இருவர் ஆட்டத்தில் இதற்கு அதிகப் பயன் இல்லை. நால்வர் சேர்ந்து ஆடும் கமாண்டர் ஆட்டவகை பரவியபோது இதற்கான தேவை பெருகியது. அரியவகைச் சீட்டுகள் பலவற்றைவிட இதன் விலை உயர்ந்தது.
* ஊப்லியெட்: 1993 இன் அரேபியன் நைட்சு தொகுதியில் வெளியான பொதுவகைச் சீட்டு. பல ஆண்டுகள் மறுபதிப்புப் பெறாமையால் இதன் விலை உயர்ந்து நின்றது. 2020 இல் டபுள் மாஸ்டர்சு தொகுதியில் மறுபதிப்பு வெளியானபின் விலை வீழ்ந்தது.

முதல் எடுத்துக்காட்டு, வலிமையான சீட்டு மலிவாகவும் கிடைக்கலாம் என்பதைக் காட்டுகின்றது. மற்ற இரண்டும், பொதுவகைச் சீட்டு என்பதாலேயே ஒன்று மலிவாக இருக்கும் என்று கொள்ள முடியாது என்பதை உணர்த்துகின்றன.

பொதிகளும் தனிச் சீட்டுகளும்

மேஜிக் சீட்டுகள் பெரும்பாலும் பூஸ்டர் எனப்படும் மூடிய பொதிகளில் விற்கப்படுகின்றன. உள்ளே எந்தச் சீட்டுகள் உள்ளன என்பது பிரித்தபின்பே தெரியும். பல ஆண்டுகள் வழக்கில் இருந்த 15 சீட்டுப் பொதியில் 10 பொதுவகை, 3 நடுவகை, 1 அரியவகை அல்லது மிக அரியவகை, 1 அடிப்படை நிலம் என்பன இருந்தன. 2024 இல் 14 சீட்டுகள் கொண்ட புதிய வகைப் பொதி அறிமுகமானது.

ஒரு குறிப்பிட்ட கட்டை அமைப்பதற்காகப் பொதிகளை வாங்குவது எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதை ஒரு கணக்கின் மூலம் அறியலாம். 2013 இல் வெளியான மேஜிக் 2014 தொகுதியில் 101 பொதுவகை, 60 நடுவகை, 53 அரியவகை, 15 மிக அரியவகை, 20 அடிப்படை நிலம் என மொத்தம் 249 சீட்டுகள் இருந்தன. அரிய சீட்டுகள் அச்சிடப்படும் தாளில் 121 இடங்கள் உண்டு. ஒவ்வோர் அரியவகைச் சீட்டும் இருமுறையும், ஒவ்வொரு மிக அரியவகைச் சீட்டும் ஒருமுறையும் அத்தாளில் இடம்பெறும் (53 × 2 + 15 = 121). இதிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

* குறிப்பிட்ட ஒரு பொதுவகைச் சீட்டின் 4 படிகளைப் பெறச் சராசரியாகச் சுமார் 40 பொதிகள் தேவை.
* குறிப்பிட்ட ஓர் அரியவகைச் சீட்டின் 4 படிகளைப் பெறச் சராசரியாகச் சுமார் 242 பொதிகள் தேவை.
* குறிப்பிட்ட ஒரு மிக அரியவகைச் சீட்டின் 4 படிகளைப் பெறச் சராசரியாகச் சுமார் 484 பொதிகள் தேவை.

எனவே, கட்டு அமைப்பதற்குத் தேவையான சீட்டுகளைக் கடைகளிலோ பிற ஆட்டக்காரர்களிடமோ தனித்தனியாக வாங்குவது அல்லது மாற்றிக்கொள்வது பெரும்பாலும் சிக்கனமானது. பொதிகளை வாங்குவதற்கு வேறு நோக்கங்கள் உண்டு. வாங்கிய பொதிகளைப் பிரித்து, அவற்றில் உள்ளவற்றைக் கொண்டே அங்கேயே கட்டு அமைத்து ஆடும் ஆட்டவகைகள் அவற்றுள் முதன்மையானவை. பொதுவகைச் சீட்டுகள் இவ்வாறு பிரிக்கப்படும் பொதிகளில் மிகுதியாக எஞ்சிவிடுவதால், அவற்றின் விலை இயல்பாகவே தாழ்ந்திருக்கும்.

கட்டு அமைக்கும் நெறிகள்

ஒரே நிறம்

விலை உயர்ந்த கட்டுகளில் செலவின் பெரும்பகுதி பல வேளைகளில் மந்திரங்களுக்கு அன்றி நிலங்களுக்கே ஆகின்றது. இரண்டு அல்லது மூன்று நிறங்களைக் கலந்து ஆடுவோர்க்கு, உரிய வேளையில் உரிய நிற மானா கிடைக்கவேண்டும். இதற்கு இரு நிற மானாவைத் தாமதமின்றித் தரும் அரியவகை நிலங்கள் தேவைப்படும். 1993 இல் அச்சிடப்பட்ட 10 இருநிற நிலங்களும் ஒதுக்கப்பட்ட பட்டியலில் உள்ளன.

ஒரே நிறத்தில் அமைந்த கட்டுக்கு இத்தேவை இல்லை. மலிவான அடிப்படை நிலங்களே போதும். மேலும், நிறம் பொருந்தாமையால் கைச்சீட்டுகள் பயனற்றுக் கிடக்கும் நிலையும் ஏற்படாது. ஆகவே இது செலவைக் குறைப்பதுடன் கட்டின் சீர்மையையும் கூட்டுகின்றது. இரு நிறம் இன்றியமையாதது எனின், களத்துக்கு வரும்போது ஒரு முறை தாமதமாகும் பொதுவகை இருநிற நிலங்களைப் பயன்படுத்தலாம். 2005 இல் ராவ்னிகா தொகுதியிலும் 2014 இல் கான்சு ஆஃப் தார்கிர் தொகுதியிலும் இத்தகைய நிலங்கள் வெளியாயின. இங்கு பணத்துக்குப் பதிலாக நேரம் விலையாகக் கொடுக்கப்படுகின்றது.

ஒரே நோக்கம்

தனித்தனியே வலிமையான சீட்டுகளின் தொகுப்பைவிட, ஒரே நோக்கத்துக்காக ஒன்றிணைந்து செயற்படும் எளிய சீட்டுகளின் தொகுப்பு சிறந்தது. கட்டுகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பகுப்பர்.

* விரைவுத் தாக்குதல் கட்டு: எதிராளி தன் திட்டத்தை நிறைவேற்றும் முன்னரே அவரது உயிர்ப் புள்ளிகளைத் தீர்க்க முயல்வது.
* கட்டுப்பாட்டுக் கட்டு: எதிராளியின் சீட்டுகளை ஒவ்வொன்றாக முறியடித்து, ஆட்டத்தை நீட்டித்து, இறுதியில் வெல்வது.
* இணைவுக் கட்டு: குறிப்பிட்ட சில சீட்டுகள் ஒன்றுசேரும்போது ஏற்படும் பெருவிளைவால் வெல்வது.

குறைந்த செலவுக்கு முதல் வகை மிகவும் ஏற்றது. அதற்கு மானாச் செலவு குறைந்த சீட்டுகளே தேவை. அத்தகைய எளிய சீட்டுகள் பெரும்பாலும் பொதுவகையிலேயே அச்சிடப்படுகின்றன.

ஒத்த சீட்டுகள்

கட்டில் ஒரு சீட்டின் படிகள் கூடக்கூட, அது தொடக்கக் கையில் வரும் வாய்ப்பும் கூடுகின்றது. 60 சீட்டுக் கட்டிலிருந்து எடுக்கப்படும் முதல் 7 சீட்டுகளில் குறைந்தது ஒரு படியேனும் இருப்பதற்கான நிகழ்தகவு பின்வருமாறு.

* 1 படி: 11.7%
* 4 படிகள்: 39.9%
* 8 படிகள்: 65.4%
* 12 படிகள்: 80.9%

விதிப்படி ஒரு பெயருக்கு 4 படிகளே உச்சவரம்பு. ஆனால் 30 ஆண்டுகளுக்கு மேலாக வெளிவந்துள்ள தொகுதிகளில், ஒரே பணியைச் செய்யும் சீட்டுகள் வெவ்வேறு பெயர்களில் உள்ளன. லானோவார் எல்வ்சு (1993), ஃபின்ட்ஹார்ன் எல்வ்சு (1995), எல்விஷ் மிஸ்டிக் (2013) ஆகிய மூன்றும் ஒரே செலவும் ஒரே ஆற்றலும் கொண்ட பச்சை நிறப் பொதுவகைச் சீட்டுகள். மூன்றையும் சேர்த்து 12 படிகள் வைக்கலாம். இதனால் முதல் முறையிலேயே இத்தகைய ஒரு சீட்டை ஆடும் வாய்ப்பு இரு மடங்காகின்றது. ஓர் அரிய சீட்டை வாங்க இயலாத நிலையில், அதே பணியை ஓரளவு செய்யும் மலிவான சீட்டுகளைத் தேடுவதும் இந்நெறியின் பாற்பட்டதே.

தேடும்போது கேட்கப்படவேண்டிய கேள்வி, அரிய சீட்டைப் போன்ற சீட்டு எது என்பதன்று. அரிய சீட்டு அக்கட்டில் என்ன பணியைச் செய்தது என்பதே. எதிராளியின் உயிரியை அகற்றுவதே அதன் பணி எனின், அதற்குரிய பொதுவகைச் சீட்டுகள் ஐந்து நிறங்களிலும் ஏதோ ஒரு வடிவில் கிடைக்கின்றன.

மாற்றுச் சீட்டுகள்

போட்டிகளில் ஓர் எதிராளியுடன் பொதுவாக மூன்று ஆட்டங்கள் வரை ஆடப்படும். முதல் ஆட்டத்துக்குப் பின், புறம்பாக வைத்துள்ள 15 மாற்றுச் சீட்டுகளிலிருந்து வேண்டியவற்றைக் கட்டில் சேர்த்துக்கொள்ளலாம். மலிவான கட்டின் குறைகளை ஈடுசெய்ய இது நல்ல வாய்ப்பு. சிவப்பு நிறக் கட்டு ஒன்று, நீல நிறக் கட்டுகளுக்கு எதிராக ரெட் எலிமென்டல் பிளாஸ்ட் சீட்டையும், கருவிகளை நம்பும் கட்டுகளுக்கு எதிராக ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்சு சீட்டையும் வைத்துக்கொள்ளலாம். இடுகாட்டைப் பயன்படுத்தும் கட்டுகளுக்கு எதிராக ரெலிக் ஆஃப் புரோஜெனிட்டசு உதவும். இம்மூன்றும் பொதுவகையில் அச்சிடப்பட்டவை.

எடுத்துக்காட்டுக் கட்டு

கீழே தரப்படுவது முழுவதும் பொதுவகைச் சீட்டுகளால் ஆன சிவப்பு நிற விரைவுத் தாக்குதல் கட்டு. இவ்வகைக் கட்டு பர்ன் என அழைக்கப்படுகின்றது. எதிராளியின் உயிரிகளுடன் போரிடுவதைவிட, அவரது உயிர்ப் புள்ளிகளை நேரடியாகக் குறைப்பதே இதன் நோக்கம்.

* உயிரிகள் (12): தெர்மோ-அல்கெமிஸ்ட் 4, கெல்டன் மரோடர்சு 4, கித்து லாவாரன்னர் 4
* 3 சேதம் தரும் மந்திரங்கள் (20): லைட்னிங் போல்ட் 4, செயின் லைட்னிங் 4, லாவா ஸ்பைக் 4, ரிஃப்ட் போல்ட் 4, ஸ்கியூவர் த கிரிட்டிக்சு 4
* பிற மந்திரங்கள் (10): ஃபயர்பிளாஸ்ட் 4, கர்சு ஆஃப் த பியர்ஸ்ட் ஹார்ட் 4, நீடில் டிராப் 2
* நிலங்கள் (18): மலை 18

இக்கட்டின் தருக்கம் எளிய கணக்கில் அமைந்தது. கட்டில் 30 விழுக்காடு நிலம். முதலில் ஆடுபவர் தம் நான்காம் முறைக்குள் 10 சீட்டுகளைப் பார்த்திருப்பார். அவற்றில் சராசரியாக 3 நிலமும் 7 மந்திரமும் இருக்கும். 3 நிலங்களைக் கொண்டு நான்கு முறைகளில் 1 + 2 + 3 + 3 = 9 மானா கிடைக்கும். மேற்கண்ட 20 மந்திரங்களும் ஒரே ஒரு மானாவுக்கு ஆடத்தக்கவை. 7 மந்திரங்கள் 3 சேதம் வீதம் 21 சேதம் தரும். எதிராளியிடம் இருப்பது 20 புள்ளிகள்.

நடைமுறையில் எதிராளி சும்மா இருக்கமாட்டார். எடுக்கும் சீட்டுகளும் எப்போதும் சராசரிப்படி வாரா. ஆயினும், தடையேதும் இன்றி விட்டால் நான்காம் முறையிலேயே வெல்லக்கூடிய ஒரு கட்டை, அரியவகைச் சீட்டு ஒன்றுகூட இல்லாமல் அமைக்க முடியும் என்பதை இக்கணக்குக் காட்டுகின்றது. ஃபயர்பிளாஸ்ட் சீட்டுக்கு மானாவுக்குப் பதிலாக இரு மலைகளை இழந்தும் 4 சேதம் தரலாம் என்பதால், அது இறுதி அடியாகப் பயன்படுகின்றது.

நிலங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதும் இக்கணக்கைச் சார்ந்ததே. மானாச் செலவு குறைந்த கட்டுக்கு 16 முதல் 18 நிலங்கள் போதும். செலவு மிகுந்த சீட்டுகளைக் கொண்ட கட்டுப்பாட்டுக் கட்டுகள் 22 முதல் 24 நிலங்கள் வரை கொள்ளும்.

பாப்பர் ஆட்டவகை

தோற்றம்

பாப்பர் என்னும் ஆங்கிலச் சொல் பரம ஏழையைக் குறிக்கும். ஒருமுறையேனும் பொதுவகையாக வெளியிடப்பட்ட சீட்டுகளை மட்டுமே இவ்வாட்டவகை அனுமதிக்கின்றது. ஏனைய விதிகள் வழமையான ஆட்டத்தைப் போன்றவையே.

2002 இல் தொடங்கப்பட்ட மேஜிக் ஆன்லைன் என்னும் கணினி வடிவில், ஆட்டக்காரர்கள் தாமே பொதுவகைச் சீட்டுப் போட்டிகளை நடத்தி வந்தனர். 2008 டிசம்பரில் இது மேஜிக் ஆன்லைனில் அதிகாரப்பூர்வ ஆட்டவகையாக ஏற்கப்பட்டது. அச்சுச் சீட்டுகளைக் கொண்டும் பல இடங்களில் பாப்பர் ஆடப்பட்டது. ஆனால் எச்சீட்டுகள் செல்லும் என்பதில் இடத்துக்கு இடம் வேறுபாடு இருந்தது. சில சீட்டுகள் அச்சில் மட்டும் பொதுவகை. சில கணினியில் மட்டும் பொதுவகை. 2019 ஜூனில் இரண்டுக்கும் ஒரே பட்டியல் அறிவிக்கப்பட்டது. அச்சிலோ கணினியிலோ பொதுவகையாக வெளிவந்த எச்சீட்டும் செல்லும் என ஆயிற்று. அவ்வேளையில் ஹிம் டு டூராக், சிங்க்ஹோல், ஹை டைட் ஆகிய பழைய அச்சுப் பொதுவகைச் சீட்டுகள் தடை செய்யப்பட்டன.

வலிமையான பொதுவகைச் சீட்டுகள்

பொதுவகை என்பதால் ஆட்டம் மந்தமாக இருக்கும் எனக் கருதுவது தவறு. லைட்னிங் போல்ட், கவுன்டர்ஸ்பெல், பிரெயின்ஸ்டார்ம் போன்ற சிறந்த மந்திரங்கள் இவ்வகையில் செல்லுபடியாகின்றன. நீல நிறக் கட்டுகள் டெல்வர் ஆஃப் சீக்ரெட்சு (2011) சீட்டையும், கறுப்பு நிறக் கட்டுகள் கிரே மெர்ச்சன்ட் ஆஃப் அஸ்ஃபோடெல் (2013) சீட்டையும் மையமாகக் கொண்டு புகழ்பெற்றன. 1994 இல் பொதுவகையாக வெளிவந்த ஊர்சா நிலங்கள் மூன்றும் களத்தில் ஒன்றுசேர்ந்தால், 3 நிலங்களிலிருந்து 7 மானா கிடைக்கும்.

தடைகள்

பொதுவகைச் சீட்டுகளும் சமநிலையைக் குலைக்கக்கூடும் என்பதைப் பாப்பரின் தடைப் பட்டியல் காட்டுகின்றது. 2019 மே மாதத்தில் கஷ், டேஸ், கிடாக்சியன் புரோப் ஆகிய மூன்று நீல நிறச் சீட்டுகள் தடை செய்யப்பட்டன. மூன்றுமே மானா செலவிடாமல் ஆடத்தக்கவை. 2021 ஜூனில் வெளிவந்த சாட்டர்ஸ்டார்ம் அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் 2014 இல் நடுவகையாக வெளிவந்து, 2022 இல் பொதுவகையாக மறுபதிப்புப் பெற்றதால் பாப்பருக்குள் நுழைந்தது. 2023 இல் அதுவும் தடைக்கு உள்ளானது.

2022 ஜனவரியில் பாப்பர் ஆட்டவகைக் குழு ஒன்றை விசர்ட்சு நிறுவனம் அமைத்தது. நிறுவனத்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர் கேவின் வெர்ஹேயுடன், பல நாடுகளைச் சேர்ந்த அனுபவமிக்க பாப்பர் ஆட்டக்காரர்களும் இக்குழுவில் இடம்பெற்றனர். தடைகளைப் பற்றிய முடிவுகள் அதன்பின் இக்குழுவின் பரிந்துரையால் எடுக்கப்படுகின்றன.

பிற வழிகள்

* ஆயத்தக் கட்டுகள்: ஆடுவதற்கு ஆயத்தமான கட்டுகளை நிறுவனமே விற்கின்றது. கமாண்டர் ஆட்டவகைக்கான ஆயத்தக் கட்டுகள் 2011 முதல் வெளிவருகின்றன. கமாண்டர் கட்டில் 100 சீட்டுகள் இருந்தாலும், அடிப்படை நிலம் தவிர எதற்கும் ஒரு படியே அனுமதி என்பதால் 4 படிகளை வாங்கும் செலவு இல்லை. ஆயத்தக் கட்டை வாங்கிச் சிறிது சிறிதாகச் சீட்டுகளை மாற்றிச் செல்வது பலர் பின்பற்றும் வழி.
* பென்னி டிரெட்ஃபுல்: ஆட்டக்காரர்களே நடத்தும், மேஜிக் ஆன்லைனுக்குரிய ஆட்டவகை. அருமை நிலையைப் பாராமல் விலையை மட்டுமே அளவுகோலாகக் கொள்கின்றது. மிகக் குறைந்த விலையுள்ள சீட்டுகள் மட்டுமே செல்லும். புதிய தொகுதி வெளியாகும்போது பட்டியலும் மாறும்.
* மேஜிக் அரீனா: 2019 இல் முழுமையாக வெளியான இலவசக் கணினி வடிவம். இதில் சீட்டுகளை ஆட்டக்காரர்கள் தமக்குள் விற்கவோ மாற்றவோ முடியாது. ஆடிப் பெறும் வைல்ட்கார்டுகளைக் கொடுத்து, அதே அருமை நிலையில் உள்ள எந்தச் சீட்டையும் பெறலாம். எனவே இங்கு சீட்டின் சந்தை விலை பொருட்டன்று. அருமை நிலையே செலவைத் தீர்மானிக்கின்றது.
* பதிலிச் சீட்டுகள்: நண்பர்களிடையே ஆடும்போது, இல்லாத சீட்டுக்குப் பதிலாக அதன் பெயர் எழுதிய தாளைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அதிகாரப்பூர்வப் போட்டிகளில் ஆட்டக்காரர் தாமே ஆயத்தம் செய்த பதிலிகளுக்கு அனுமதி இல்லை. உண்மைச் சீட்டு என ஏமாற்றி விற்கப்படும் போலிச் சீட்டுகள் இதிலிருந்து வேறுபட்டவை.

வரம்புகளும் விமர்சனங்களும்

குறைந்த செலவில் அமைந்த கட்டு எல்லா ஆட்டவகைகளிலும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. பாப்பரில் எல்லோரும் ஒரே வரம்புக்குள் ஆடுவதால், மலிவான கட்டு என்பது அங்கு ஒரு குறை அன்று. மாடர்ன், லெகசி போன்ற ஆட்டவகைகளில் நிலை வேறு. அங்கு பர்ன் போன்ற கட்டுகள் சில ஆட்டங்களை வெல்லலாம். ஆனால் எதிராளி தம் கட்டில் வைத்துள்ள விலை உயர்ந்த நிலங்களும் மந்திரங்களும் நீண்ட போட்டிகளில் தம் பயனைக் காட்டவே செய்யும். பணம் வெற்றியைத் தருவதில்லை என்பது பாதி உண்மையே. பணம் தெரிவுகளைக் கூட்டுகின்றது. தெரிவுகள் கூடியவருக்குத் தவறுகளிலிருந்து மீளும் வழிகளும் கூடுகின்றன.

காலப்போக்கில் காலாவதியாகும் ஆட்டவகைகளில் இன்னொரு செலவும் உண்டு. ஸ்டாண்டர்ட் ஆட்டவகையில் அண்மைக்காலத் தொகுதிகள் மட்டுமே செல்லும். பழைய தொகுதிகள் குறித்த கால இடைவெளியில் நீக்கப்படும். இன்று மலிவாக அமைந்த கட்டு சில ஆண்டுகளில் செல்லாததாகிவிடும். பாப்பரில் அவ்வாறு தொகுதிகள் நீக்கப்படுவதில்லை. ஒருமுறை வாங்கிய லைட்னிங் போல்ட், தடை செய்யப்படாதவரை என்றும் செல்லும். சிறிய தொகையை ஒருமுறை மட்டும் செலவிடக்கூடிய மாணவர்களுக்கு இவ்வேறுபாடு முதன்மையானது.

மறுபுறம், ஓர் ஆட்டவகை புகழ்பெறும்போது அதன் சீட்டுகளுக்கான தேவையும் உயர்கின்றது. பாப்பரில் மட்டும் பயன்பட்ட பழைய சீட்டுகள் சிலவற்றின் விலை, பாப்பரின் வளர்ச்சியாலேயே ஏறியது. எளியோர்க்கென உருவான ஆட்டவகை, அதன் வெற்றியாலேயே எளியோரிடமிருந்து விலகிச் செல்லக்கூடும் என்பது இதன் மீதான முக்கிய விமர்சனம். மறுபதிப்புகளே இதற்கு உரிய தீர்வு எனப் பலர் கருதுகின்றனர். பொதுவகைச் சீட்டுகளில் பெரும்பாலானவை ஒதுக்கப்பட்ட பட்டியலில் இல்லாமையால், அவற்றை மறுபதிப்புச் செய்ய நிறுவனத்துக்குத் தடை ஏதும் இல்லை. ஊப்லியெட் சீட்டின் விலை 2020 இல் வீழ்ந்தமை இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது.

பொதுவாகப் பாப்பர் கட்டுகள் சில பத்து டாலர்கள் அளவில் அமைக்கத்தக்கவை. மாடர்ன் கட்டுகள் பலவற்றுக்குப் பல நூறு டாலர்களும், ஒதுக்கப்பட்ட பட்டியலின் சீட்டுகளைக் கொண்ட லெகசி, வின்டேஜ் கட்டுகளுக்குப் பல ஆயிரம் டாலர்களும் தேவைப்படுகின்றன. மூன்றிலும் கட்டின் அளவு 60 சீட்டுகளே. தொடக்க உயிர்ப் புள்ளிகள் 20. ஆட்டத்தின் விதிகளும் அவையே.